செட்டரிலிருந்து சூப்பர்வைசர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் ஒரு ஒர்க்ஷாப்பில் சிஎன்சி (கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராகச் சேர்ந்து, ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினைத் தயார் செய்து கொடுக்கும் செட்டராகி, இப்போது ப்ரொடக்ஷன் பார்க்கிறேன். நான் அன்று செய்ததையே இன்றைய பையன்கள் அச்சு மாறாமல் செய்யும்போது மனசு கேட்கவில்லை. நேரத்துக்கு வருவது, சொல்லிவிட்டு லீவு போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வித்தையை டைரிக்குள் பூட்டி வைப்பது

எங்களிடம் ஒரு வால்வு பாடி ஓடியது. சுவர் மெல்லிசு. பீஸைப் பிடிக்கும் சக்கில் இறுக்கிப் பிடித்து போரிங் (உள்துளை கடைவது) முடித்தால் மெஷினில் அளவு சரியாகக் காட்டும். சக்கின் தாடையை, அதாவது ஜாவை, தளர்த்தியதும் அந்தத் துளை நீள்வட்டமாகிவிடும். ரஃப் கட் முடிந்ததும் நிறுத்தி, சக் பிரஷரைப் பாதியாகக் குறைத்து, மறுபடி பிடித்து, அப்புறம் ஃபினிஷ் கட் எடுக்க வேண்டும். இதை நானே பல நாள் பார்த்துப் பிடித்தேன். பிரஷர், ஆஃப்செட் (டூலுக்குப் போடும் அளவுத் திருத்தம்) எல்லாம் என் சட்டைப்பை டைரியில் மட்டும்தான். நைட் ஷிஃப்டில் பீஸ் ரிஜெக்ட் ஆனால் எனக்குத்தான் போன் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். நான் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது என்பதுதான் என் பலம் என்று நம்பியிருந்தேன்.

சூப்பர்வைசர் இடம் காலியானது. எனக்கு மூன்று வருடம் கழித்துச் சேர்ந்தவரைப் போட்டார்கள். முதலாளியிடம் போய்க் கேட்டேன். "உன்னைய மேல தூக்கிப் போட்டா அந்த மெஷினை யாரு கண்ணு பாக்கறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதே மெஷினில் இன்னும் நான்கு வருடம் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்குவதில்லை.

இப்போது இங்கே ஒரு பையன் ப்ரோக்ராமைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறான். கேட்டால், "சொல்லிக் குடுத்துட்டா என் வேலை போயிருமுங்ணா" என்கிறான். தம்பி, போகாது. ஒவ்வொரு ஜாபுக்கும் செட்டிங் ஷீட் எழுது. எந்த ஜா, எந்த இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை), எவ்வளவு பிரஷர், எங்கே அளவு மாறும், எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு ஆபரேட்டரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கு. முழு வாரம் அவனே செட்டிங் போட்டு, முதல் பீஸ் இன்ஸ்பெக்ஷனில் பாஸ் ஆகி, உனக்குப் போன் வரவில்லையென்றால், மேலே போகக் கேட்கும் நேரம் அதுதான். உன் இடத்தில் நிற்க ஆள் தயார் என்று காட்டிவிட்டுக் கேள்.

வெறுங்கையோடு கேட்பது

"நல்லா வேலை செய்றேன்" என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. செட்டிங் நேரம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, மாத ரிஜெக்ஷன் எத்தனை பீஸ் குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இன்க்ரிமென்ட் லிஸ்ட் போட்ட பிறகு போகாதீர்கள். அதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே பேசிவிடுங்கள்.

டெஸ்பாட்ச் நாளில் கேட்பது

வேண்டாம்.

படிப்பைத் தள்ளிப் போடுவது

டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவையிலேயே பகுதிநேர பி.இ. உண்டு. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது.

கணக்குப் பார்க்காமல் தாவுவது

ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நாலேகால் வருடத்தில் வேலையை விடுகிறார்கள். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) உண்டு. மாதம் பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேர்ந்து 18,200 ரூபாய் என்று வையுங்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் 52,500 ரூபாய். தாவுவதற்கு முன்பு சேர்ந்த தேதியை எடுத்துப் பாருங்கள். பிஎஃப் பணத்தையும் எடுத்துச் செலவழிக்காமல், அதே யுஏஎன் நம்பரில் (உங்கள் பிஎஃப் அடையாள எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிஎஃப் வழியாக வரும் மாதப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுப்பது

போனில் சொன்னது கணக்கில் வராது.