கூரையில் சோலார்: போடும் முன்பும் பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான தவறு பேனல் வாங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வீட்டின் இன்றைய மின்செலவை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். முதலில் செலவைக் குறையுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்டது) ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டில் தரும். தினம் 12 மணி நேரம் ஓடும் நான்கு ஃபேன்களை மாற்றினால் நாளொன்றுக்கு 2 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நல்ல வெயிலில் அரை கிலோவாட் பேனல் ஒரு நாளில் தருவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அடுத்தது நிழல். இதைத்தான் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பேனலில் செல்கள் (மின்சாரம் உண்டாக்கும் சிறு கட்டங்கள்) தொடர் இணைப்பில் இருப்பதால், ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அதன் வரிசை முழுவதிலும் மின்னோட்டம் குறையும். பொதுவாக ஒரு பேனலில் மூன்று பைபாஸ் டையோடுகள் (மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் சிறு பாகங்கள்) இருக்கும். அவை நிழல் பட்ட பகுதியை விலக்கிவிடும். அதாவது, உள்ளங்கை அளவு நிழலுக்குப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகலாம். டையோடு பழுதானால் அந்த செல் சூடேறிக் கருகலாம். எனவே தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், ஆன்டெனாக் கம்பம் ஆகியவற்றின் நிழல் காலை 9 முதல் மாலை 3 வரை எங்கே நகர்கிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்துப் பாருங்கள். சூரியன் மிகத் தாழ்வாகச் செல்லும் மாதத்தில் நிழல் இன்னும் நீளும். அதற்கும் இடம் விடுங்கள். நிழலைத் தவிர்க்கவே முடியாத கூரைக்கு மைக்ரோ இன்வெர்ட்டர் (ஒவ்வொரு பேனலின் மின்சாரத்தையும் தனித்தனியே வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு கருவி) பொருத்துவது நல்லது.

பேனலில் அச்சிட்ட வாட் அளவு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். வெயிலில் செல் 60 டிகிரியைத் தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு. பேனலைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்றோட 10 முதல் 15 சென்டிமீட்டர் விடுங்கள்.

வயரிங் தவறு உயிருக்கே ஆபத்து. பேனல் பக்கம் ஓடுவது டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்னோட்டம். வீட்டு மின்சாரம் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாய்வது. டிசி பக்கம் சாதாரண ஏசி எம்சிபி (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பிரேக்கர்) போடவே கூடாது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணையும். டிசியில் அப்படி ஒரு கணம் வராது. பொறி தொடர்ந்து எரிந்து பெட்டியையே உருக்கிவிடும். வெவ்வேறு தயாரிப்பின் கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகுவதும், வயர் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவிக்குப் பதில் குறட்டால் நசுக்குவதும், இணைப்பு தளர்ந்து இதே முடிவைத் தரலாம்.

மின்வெட்டிலும் சோலார் ஓடும் என்று நம்பி, பேட்டரி இல்லாமல், கிரிட்டோடு (மின்வாரிய மின்கட்டமைப்பு) இணையும் இன்வெர்ட்டர் வாங்குவோர் உண்டு. கம்பத்தில் வேலை செய்பவருக்கு மின்சாரம் தாக்காதிருக்க, கிரிட் போனதும் அது தானே நின்றுவிடும். வெட்டு நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகையைக் கேளுங்கள்.

பேனலைக் கழுவ அதிகாலையே ஏற்ற நேரம். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் காய்ந்து படியும் வெண்கறை பிறகு லேசில் போகாது. மென்னீரும் மெல்லிய துணியும் போதும்.