ஒயின் ரைட்டர்ஸ் கான்ஃபரன்ஸுக்கு முதல் தடவை போறவங்களுக்கு

ஒயின் பத்தி எழுதுறவங்க எல்லாம் ஒண்ணு கூடுற கான்ஃபரன்ஸ்னா வெளில இருந்து பாக்குறவங்களுக்கு ரெண்டு மூணு நாள் ஓசிக் குடின்னு தோணும். உள்ள போனாதான் தெரியும், காலைல காபி வாசனை போறதுக்கு முன்னாடியே முதல் கிளாஸ் கைக்கு வந்துடும், அப்புறம் வகுப்பு, பஸ், திராட்சைத் தோட்டம், ஒயினை மரப்பீப்பாய்ல ஊற வைக்கிற பேரல் ரூம், ராத்திரி டின்னர்னு இழுத்துக்கிட்டே போகும். எதைத் தெரிஞ்சுக்கப் போறோம்னு முடிவு பண்ணாம போனா கடைசி நாள் கையில விசிட்டிங் கார்டும் தலைவலியும்தான் மிஞ்சும்.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை முடிவு பண்ணுங்க. ஒண்ணு போதும். "இந்த ஊர்ல வெயில் கூடினதுக்கு அப்புறம் அறுவடைத் தேதி எப்படி மாறியிருக்கு", இல்ல "ஏன் இங்க எல்லாரும் கார்க்கை விட்டுட்டு ஸ்க்ரூ கேப்புக்கு (திருகு மூடிக்கு) மாறிட்டாங்க", இந்த மாதிரி. அதே கேள்வியை பாக்குற ஒவ்வொரு ஒயின்மேக்கர்கிட்டயும் கேளுங்க, ஆளுக்கு ஒரு பதில் வரும், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுப்பாரு, அந்த இடத்துலதான் உங்க கட்டுரை இருக்கு. இதோட அந்த ஏரியா மேப்பைக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க, முக்கியமா என்ன திராட்சை, மலை எந்தப் பக்கம், கடல் எவ்வளவு தூரம், இது தெரிஞ்சா போதும்.

அடுத்தது, டேஸ்ட் பண்ற ஒயினை முழுங்காம வாளில துப்புறது. சிரிக்காதீங்க, இந்த தொழில்ல இதுதான் முதல் பாடம். வீட்டு சிங்க்ல தண்ணி வெச்சு பழகுங்க: உதட்டைக் குவிச்சு, கன்னத்தை இறுக்கி, ஒரே கோடா வரணும், சொட்டக்கூடாது. கூட்டமான டேபிள்ல வாளி தூரமா இருந்தா ஒரு பேப்பர் கப்பைக் கையிலயே வெச்சுக்கோங்க. துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும், அதனால தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். சிவப்பு ஒயினா தொடர்ந்து வந்தா அதுல இருக்குற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் எச்சில்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு வாய் காய்ஞ்சு போகும், அப்புறம் எல்லா ஒயினும் ஒரே மாதிரி கசக்கும், அப்ப நிறுத்திட்டு வெறும் ரொட்டித் துண்டு, தண்ணி, பத்து நிமிஷம் வெளிக்காத்து. ராத்திரி ரூமுக்கு வந்த உடனே பல்லு கறுத்துப் போச்சேன்னு பிரஷ்ஷை எடுக்காதீங்க, ஒயினோட ஆசிட்ல பல்லோட மேல் படலமான எனாமல் இளகியிருக்கும், கொப்பளிச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு தேய்ங்க. சென்ட் போடாதீங்க, ஒயின் வாசனையை அது அமுக்கிடும், பக்கத்துல உக்காந்திருக்கவர் சண்டைக்கே வருவாரு, அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கு.

சில கூட்டங்கள்ல ஸ்பீட் டேஸ்டிங்னு ஒண்ணு வைப்பாங்க. ஒயின்மேக்கர் உங்க டேபிளுக்கு வருவாரு, அஞ்சு நிமிஷம், ஊத்துவாரு, பேசுவாரு, மணி அடிக்கும், அடுத்தவர் வந்துடுவாரு. இதுல அழகா எழுத ட்ரை பண்ணவே பண்ணாதீங்க. லேபிளை முன்னாடி பின்னாடி ரெண்டு போட்டோ, நோட்டுல வருஷம், திராட்சை, அவர் வாயால சொன்ன ஒரு விஷயம், உங்களுக்குப் பிடிச்சுதா இல்லையா, அவ்வளவுதான். "செர்ரி, வெண்ணிலா, புகை"ன்னு எல்லாரும் எழுதுவாங்க, "2019ல ஆலங்கட்டி மழைல பாதித் தோட்டம் போச்சு"ன்னு அவர் சொன்னாருன்னா அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

ஒயின் தயாரிக்கிற இடத்துக்கே போற ஒயினரி விசிட்தான் என்னைக் கேட்டா மொத்த கான்ஃபரன்ஸோட உயிர். மூடின ஷூ போடுங்க, தரை எப்பவும் ஹோஸ் தண்ணில நனைஞ்சு கிடக்கும். சில இடத்துல தோட்டத்துக்குள்ள விடுறதுக்கு முன்னாடி ஷூவை மருந்துத் தண்ணில முக்கச் சொல்லுவாங்க, முகம் சுளிக்காதீங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரான்ஸ் தோட்டங்களை அழிச்ச ஃபிலாக்ஸெரா பூச்சி மண்ணோட ஷூல ஒட்டிக்கிட்டும் பரவும். நொதிச்சுக்கிட்டு இருக்குற டாங்க் மேல தலையை விட்டு மோந்து பாக்காதீங்க, கார்பன் டை ஆக்சைடு மூக்கைச் சுளீர்னு அடிக்கும், மூடின இடமா இருந்தா உயிருக்கே ஆபத்து.

பேரல் ரூம்ல ஒயின்மேக்கர் மரப்பீப்பாயோட அடைப்பைத் திறந்து நீளமான கண்ணாடிக் குழாயை உள்ள விட்டு, மேல் ஓட்டையை கட்டைவிரலால மூடித் தூக்கி உங்க கிளாஸ்ல விடுவாரு. அது இன்னும் முடியாத ஒயின், கலங்கலா இருக்கலாம், புளிப்பு தூக்கலா இருக்கலாம், அதுக்கு மார்க் போட்டு எழுதறது அநியாயம். அதுக்கு பதிலா பக்கத்து பேரல்ல இருந்தும் கொஞ்சம் கேளுங்க. ஒரே தோட்டம், ஒரே நாள் பறிச்சது, ஒண்ணு புது ஓக் மரப் பேரல், ஒண்ணு பழசு, ரெண்டையும் அடுத்தடுத்து வாய்ல வெச்சாதான் மரம் என்ன பண்ணுதுன்னு புரியும், எந்த வகுப்புலயும் இது கிடைக்காது. ஆனா அறுவடை நேரத்துல போனீங்கன்னா (பூமியோட வடக்குப் பாதி நாடுகள்ல பெரும்பாலும் ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர், தெற்குல பிப்ரவரில இருந்து ஏப்ரல்) அவங்க தூக்கமில்லாம ஓடிக்கிட்டு இருப்பாங்க, ரெண்டு கேள்வி கேட்டுட்டு ஒதுங்கி நின்னு வேடிக்கை பாருங்க, அதுவே போதும்.

நெட்வொர்க்கிங்னதும் பெரிய பேர் உள்ள விமர்சகரைச் சுத்திக் கூட்டம் கூடும், நீங்க அங்க போய் நிக்காதீங்க. பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கவர்தான் நாளைக்கு உங்களுக்கு எடிட்டர் நம்பர் குடுப்பாரு. கூட்டம் இல்லாத நிகழ்ச்சியையும் விட்டுடாதீங்க. 1976 மே 24, பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு ஒயின் வியாபாரி கலிஃபோர்னியா ஒயினையும் பிரெஞ்சு ஒயினையும் லேபிள் மறைச்சு டேஸ்ட் பண்ண வெச்சாரு, அதுக்கு வந்த பத்திரிகைக்காரர் டைம் இதழோட ஜார்ஜ் டேபர் ஒருத்தர்தான். எந்த கிளாஸ்ல எதுன்னு லிஸ்ட் அவர் கையில இருந்துச்சு, பிரெஞ்சு நடுவர் ஒருத்தர் கலிஃபோர்னியா வெள்ளை ஒயினைக் குடிச்சுட்டு பிரான்ஸுக்கே திரும்பிட்டோம்னு சிலாகிக்கிறதை நேர்ல பாத்தாரு. வெள்ளை, சிவப்பு ரெண்டுலயும் கலிஃபோர்னியா முதலிடம் வந்துச்சு, அந்தச் செய்தி அவரோடதாச்சு.

திரும்பி வந்ததும் ரெண்டு நாளைக்குள்ள நோட்ஸை டைப் பண்ணிடுங்க, அதுக்கு மேல போனா உங்க கையெழுத்து உங்களுக்கே புரியாது. பேசினவங்கள்ல உண்மையிலேயே ஏதோ சொன்னவங்களுக்கு மட்டும் மெயில் போடுங்க, அவங்க சொன்ன அந்த விஷயத்தைக் குறிப்பிட்டு இன்னொரு கேள்வியும் சேர்த்து. ரூம், டிக்கெட், பாட்டில் எதை யார் இலவசமா குடுத்திருந்தாலும் கட்டுரையோட தலையிலயே அதைச் சொல்லிடுங்க, கடைசி வரில ஒளிச்சு வைக்காதீங்க, சில நாடுகள்ல இது சட்டமும் கூட. பிடிக்காத ஒயினைப் பிடிக்கலைன்னே எழுதுங்க, ஏன்னு ஒரு காரணத்தோட, அதுக்காக கோச்சுக்கிட்டு அடுத்த வருஷம் கூப்பிடாம விடுற ஒயினரி ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும், இருந்துட்டுப் போகட்டும்.