கூரை தாழ்ந்த மெர்க்குரி: பிளாஸ்டிக் மாதிரிக் காரைக் கட்டுவதும் உருமாற்றுவதும்

மாதிரிக் கார் கிட்டின் (தனித்தனிப் பாகங்களாக வரும் தொகுப்பின்) பெட்டியைத் திறந்ததும் கையில் வரும் செய்முறைத் தாள் பெரும்பாலும் எஞ்சினில்தான் தொடங்கும். எஞ்சினை ஒட்டி முடித்து, அதைச் சேசிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) பொருத்தி, இருக்கைகளை அமைத்த பிறகு கடைசிப் பக்கத்தில்தான் பாடி, அதாவது காரின் வெளிக்கூடு, வரும். அந்த வரிசையை அப்படியே பின்பற்றுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு என்பது என் கருத்து. பீரங்கி வண்டியின் மாதிரியில் சேறும் புகையும் பூசிச் சிறு குறைகளை மறைத்துவிடலாம். பளபளக்கும் காரிலோ ஒரு தூசியும் ஒரு கைரேகையும்கூடத் தனித்துத் தெரியும். ஆகவே பாடியை முதலில் எடுத்து, வெட்ட வேண்டியதை வெட்டி, வண்ணமும் பூசிவிட வேண்டும். வண்ணம் இறுகுவதற்குத் தேவைப்படும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் எஞ்சினையும் சேசிஸையும் உள்ளமைப்பையும் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

இந்த வழிகாட்டிக்கு ஃபோர்டு நிறுவனத்தின் 1949 மெர்க்குரி காரை எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் 1949 முதல் 1951 வரையிலான மெர்க்குரி கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்தி, உருக்கிய ஈயத்தால் இணைப்புகளை நிரப்பி உருமாற்றும் பழக்கம் பரவியது. அந்த ஈயத்தின் பெயராலேயே அவற்றை ‘லெட் ஸ்லெட்’ (ஈயச் சறுக்குவண்டி) என்று அழைத்தார்கள். சாம், ஜார்ஜ் பேரிஸ் சகோதரர்களின் பட்டறை 1952-இல் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக மாற்றியமைத்த 1951 மெர்க்குரி இவ்வகையில் இன்றளவும் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. ஏஎம்டி, ரெவெல் ஆகிய இரு நிறுவனங்களும் 1949 மெர்க்குரியை 1/25 அளவில் (நிஜக் காரின் நீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்காக) கிட்டாக வெளியிட்டுள்ளன. ஒரே பெட்டியில் கடையிலிருந்து வந்த நிலை, உருமாற்றிய நிலை, பந்தய நிலை என மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை ஏஎம்டி 1958-இலேயே கொண்டுவந்தது. பிளாஸ்டிக் காரை உருமாற்றும் பொழுதுபோக்கு பெரிதாக வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்க கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவிலும், டமியா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் கிட்டுகள் 1/24 அளவிலும் வருகின்றன. வித்தியாசம் நான்கு சதவீதம்தான். 15 அங்குலச் சக்கர வட்டு 1/24 அளவில் ஏறத்தாழ 15.9 மி.மீ., 1/25 அளவில் 15.2 மி.மீ. என்றிருக்கும், ஆகவே ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் பொருத்தினால் கண்ணுக்கு உறுத்தாது. பாடியையும் கண்ணாடியையும் மட்டும் அப்படி மாற்றிப் பொருத்த முடியாது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பாகங்களை, அவை ஒட்டியபடி வார்க்கப்பட்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரிக்கத் தட்டை வாய் கொண்ட சிறு கட்டர், கூரான பிளேடு, மெல்லிய பல் கொண்ட ரம்பம், 240 முதல் 3000 வரையிலான எண் கொண்ட வாட்டர் பேப்பர் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்), கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை உருக்கி ஒட்டும் நீர்த்த பசை, மாஸ்கிங் டேப், கையால் சுழற்றும் சிறு துளைக்கருவி ஆகியவை போதும். பாகத்தைச் சட்டத்தை ஒட்டி ஒரே வெட்டில் நறுக்கக் கூடாது; சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மீந்த முனையைப் பிளேடால் சீவி, பிறகு தேய்க்க வேண்டும். இல்லையெனில் பிளாஸ்டிக் பிய்ந்து குழியாகிவிடும். வேலையைத் தொடங்கும் முன் எல்லாப் பாகங்களையும் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைப்பது நல்லது, ஏனெனில் அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய் வண்ணத்தைப் பிடிக்கவிடாது.

கூரையைத் தாழ்த்துதல்

முதலில் பாடியையும் சேசிஸையும் சக்கரங்களையும் ஒட்டாமல் டேப்பால் மட்டும் இணைத்து மேசைமேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். கார் எவ்வளவு தாழ்ந்து நிற்க வேண்டும், எந்தச் சக்கரம் பொருந்தும் என்பதை இந்த நிலையில் தீர்மானிப்பதுதான் சரி. வண்ணம் பூசிய பிறகு எடுக்கும் முடிவு கீறலில்தான் முடியும். 1/25 அளவில் 2 மி.மீ. என்பது நிஜக் காரில் 5 செ.மீ. ஆகும், அதாவது ஏறத்தாழ 2 அங்குலம். காரைத் தாழ்த்துவதற்கு, முன்புறமும் பின்புறமும் சக்கரம் பொருந்தும் புள்ளியை அதே அளவு மேலே நகர்த்த வேண்டும். சக்கரம் மட்காப்பின் உட்புறத்தில் உரசுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

நிஜக் காரில் 4 அங்குலம் தாழ்த்துவது நம் மாதிரியில் 4 மி.மீ. ஆகிறது. கூரையைத் தாங்கும் தூண்களைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகளாக மெல்லிய டேப்பை ஒட்டி, காரின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகுதான் ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும். வெட்டும்போது பாடி முறுக்கிக்கொள்ளாதிருக்க, இரு கதவுகளுக்கும் இடையே உட்புறமாக ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் குறுக்காக ஒட்டிவைப்பது உதவும்.

சிக்கல் வெட்டிய பிறகுதான் தெரியும். முன்தூண் மேலே செல்லச் செல்லப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது; பின்பகுதியோ முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே 4 மி.மீ. நீக்கிவிட்டுக் கூரையை நேராகக் கீழே இறக்கினால், முன்தூணின் மேல்துண்டு கீழ்த்துண்டுக்குப் பின்னால் போய் நிற்கும். பின்பகுதியில் அதற்கு நேர்மாறாக மேல்துண்டு முன்னால் நிற்கும். கூரை குட்டையாகிவிட்டது போலத் தோன்றினாலும், உண்மையில் அது பொருந்த வேண்டிய இடம்தான் நீண்டுவிட்டது. இதற்குத் தீர்வு, கூரையைக் குறுக்காக இரண்டாக வெட்டி, முன்பாதியை முன்னோக்கியும் பின்பாதியைப் பின்னோக்கியும் நகர்த்தித் தூண்களோடு பொருத்தி, நடுவில் விழும் இடைவெளியைப் பிளாஸ்டிக் பட்டையால் நிரப்புவதாகும். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள பகுதியை வெட்டாமல், அதன் அடிப்பகுதியைக் கீல்போல வைத்து மேல்விளிம்பை முன்னோக்கிச் சாய்ப்பது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் கூரையை நீட்ட வேண்டிய அளவு குறைவதோடு, முதுகின் வளைவும் அழகாக வழிந்து இறங்கும். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, ஆனால் முதல் முறை செய்பவருக்கு முதல் வழியே எளிது.

இடைவெளியைப் பட்டியால் மட்டுமே நிரப்பலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். குழாயில் வரும் ஒற்றைக் கலவைப் பட்டி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாக ஆகச் சுருங்கிக்கொண்டே போகும். நான் முதன்முதலில் வெட்டிய கூரையில், வண்ணம் பூசி மூன்று வாரங்கள் கழித்து ஒரு மெல்லிய பள்ளம் கோடுபோல் மேலெழுந்து வந்தது. அந்தக் கார் இன்றும் அலமாரியின் பின்வரிசையில்தான் நிற்கிறது. எனவே முடிந்த அளவு பிளாஸ்டிக்கையே வைத்து ஒட்டி, இரண்டு நாட்கள் இறுகவிட்டு, மீதமுள்ள மெல்லிய பள்ளத்துக்கு மட்டும் கடினமாக்கி கலந்து பூசும் இருகலவைப் பட்டியைப் பயன்படுத்த வேண்டும். பிறகு 240, 400, 600 என வரிசையாகத் தேய்க்கலாம். விரலைவிடக் கட்டையில் சுற்றிய தாளே சமமாகத் தேய்க்கும்.

கண்ணாடிகளும் கூரையோடு குட்டையாக வேண்டும். தட்டையான பக்கக் கண்ணாடிகளைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் வெட்டிக்கொள்ளலாம். கிட்டில் வரும் முன்கண்ணாடியை இரு பக்கமும் டேப்பால் மூடி, ரம்பத்தால் மெதுவாக அறுத்துச் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விழும்.

வண்ணம்

பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) பூசும் முன் கதவு, முன்மூடி, டிக்கி ஆகியவற்றின் இடுக்குக் கோடுகளைப் பிளேடின் பின்முதுகால் சற்று ஆழப்படுத்த வேண்டும், ஏனெனில் அடுத்தடுத்து வரும் பூச்சுகள் அவற்றை நிரப்பிவிடும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் பாடியின்மீது மெல்லிய வரி ஓடும். அதையும் தேய்த்து நீக்க வேண்டும். ஒரு மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள பூச்சு, நிஜக் காரில் 2.5 மி.மீ. தடிப்புக்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால், பெயிண்டை ஏன் மெல்லிய படலங்களாகப் பூசச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

சாம்பல் நிறப் பிரைமர் ஒரு சோதனைக் கருவியும்கூட. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எல்லாம் அதில் தெரியும், அவற்றைச் சரிசெய்து மீண்டும் பூசலாம். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடி என்றால், சாயம் மேல்வண்ணத்தில் ஊறி வெளிர்நிறத்தை இளஞ்சிவப்பாக்கக்கூடும் என்பதால், பிரைமருக்கு மேல் ஒரு வெள்ளிநிறப் பூச்சு கொடுப்பது பாதுகாப்பு. எனாமல், லாக்கர் இரண்டும் வெவ்வேறு வகைப் பெயிண்ட்; எனாமல் பூச்சின்மேல் லாக்கர் அடிக்கக் கூடாது, அடித்தால் அடியிலுள்ள எனாமல் சுருங்கிவிடும்.

ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் வைத்தால் துகள் நேர்த்தியாக வரும். அடுப்பில் சூடாக்குவது ஆபத்து. 20 செ.மீ. தூரத்திலிருந்து முதலில் இரண்டு மென்தூவல்கள், அதன்பின் ஈரமாகப் படியும் ஒரு பூச்சு என்ற முறை நம்பகமானது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்கால மாலையில் லாக்கர் அடித்தால் வெண்படலம் படியும்: கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதே காரணம். ஆகவே காற்று வறண்டிருக்கும் முற்பகலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம். அருகில் தீ இருக்கக் கூடாது.

நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் முடிந்ததும் பாடியைத் தூசி படாத பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். இறுகிவிட்டதா என்பதை அறிய விரலால் தொடாதீர்கள்; மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வரும்வரை அது இறுகவில்லை.

காத்திருக்கும் வாரங்கள்

இந்த மெர்க்குரியில் இருந்தது பக்கவால்வு வி8 எஞ்சின், அதாவது வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்தில் அமைந்த, V வடிவில் எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின். அதன் ஸ்பார்க் பிளக்குகள் மேல்மூடியிலேயே நிற்பதால், எட்டுக் கம்பிகளும் வெளிப்படையாகத் தெரியும். அவற்றைச் சேர்த்தால் எஞ்சினுக்கு உயிர் வந்துவிடும். நிஜத்தில் 7 மி.மீ. தடிப்புள்ள கம்பி நமக்கு 0.28 மி.மீ. ஆகிறது. மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 0.3 மி.மீ. எனாமல் செம்புக் கம்பிக்குக் கருநிறம் பூசினால் போதும். தரைவிரிப்புக்கு மெல்லிய வெல்வெட் தாளை ஒட்டலாம்.

குரோம் பூசிய பாகங்களில் பசை பிடிக்காது என்பதால், ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்ட வேண்டும். குரோமே வேண்டாம் என்றால் வீட்டு பிளீச்சில் ஓரிரவு ஊறவைத்தால் கரைந்துவிடும். அதோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்கக் கூடாது.

பாடி இறுகியதும் 2000, 3000 வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பாலிஷ் களிம்பால் மெருகேற்றலாம். விளிம்புகளிலும் மேடுகளிலும் பெயிண்ட் மெல்லியதாகவே படிந்திருக்கும் என்பதால் அந்த இடங்களை டேப்பால் மூடிக்கொள்வது நல்லது. பக்கவாட்டு உலோகப் பட்டைகளுக்கு ஒட்டும் பின்புறம் கொண்ட மெல்லிய உலோகத்தாளை ஒட்டி, பஞ்சுக்குச்சியால் அழுத்திப் படியவைத்து, புதிய பிளேடால் ஓரத்தை வெட்ட வேண்டும். பழைய பிளேடு தாளைக் கிழித்துவிடும்.

கண்ணாடிகளை வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். சூப்பர் குளூவின் ஆவி அவற்றில் பனிமூட்டம்போல் படியும். அதன்பின் உள்ளமைப்பைப் பாடிக்குள் வைத்து, சேசிஸை முன்புறத்திலிருந்து நுழைத்துப் பின்புறத்தை மெல்ல அழுத்தினால் பொருந்திவிடும். பம்பர்கள் கடைசியில் வரட்டும். பழைய கிட்டுகளின் மென்மையான வினைல் டயர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கி அரித்துவிடும். டயரை மாட்டும் முன் சக்கரத்தின் பள்ளத்தில் மீந்துபோன உலோகத்தாளில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தொடாது.