பழவேற்காட்டுக்குச் செல்வோர் கவனத்திற்கு

பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைக் காண விரும்புவோர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், பொன்னேரி வழியாக விடியற்காலையிலேயே வந்து சேர்வது நல்லது. வெயில் ஏறினால் கானல் எழும்பி, தொலைவில் மேயும் பறவைகள் தெளிவாகத் தெரியா. பைனாகுலர் அவசியம். பறவைகளைக் கரையிலிருந்தே பாருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர் என்பதால், யார் அழைத்தாலும் மீன்பிடிப் படகில் ஏற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பிறகு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லலாம். அதன் வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்களைச் சற்று நின்று பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.