எந்த இடுக்கில் தோண்டுவது?

நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பாறை சார்னோக்கைட். சுண்ணாம்புக்கல் போல நீரில் கரைந்து குகையாகாது. மண் அடைத்த இடுக்குகளைத் தோண்டிப் புதுக் குகைவழி தேடும் குழுவோடு சேர ஆசைப்படும் சென்னைக்காரர்கள் மேகாலயா மாதிரி இடம் தேடித்தான் போக வேண்டும். ஊர்த்தலைவரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம், பையில் ஒரு பாக்கெட் ஊதுபத்தி இருக்கட்டும். மண் அடைத்த ஒவ்வொரு இடுக்கின் வாயிலும் கொளுத்திப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டாலோ வெளியே தள்ளப்பட்டாலோ அந்தப் பக்கம் வழி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெளியிலும் உள்ளேயும் ஒரே வெப்பநிலை என்றால் காற்று நின்றுவிடும். அதனால் விடியற்காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மண்ணை வெளியே இழுக்க வாளி சரிப்படாது, சிக்கிக்கொள்ளும். பழைய எண்ணெய் கேனை நெடுக்காக அறுத்து, இரு முனையிலும் கயிறு கட்டி, மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டு போல இழுங்கள். தோண்டும்போது மூச்சு வாங்கி, தலை வலித்தால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கலாம். உடனே வெளியே வந்துவிடுங்கள்.