வீட்டில் நிம்மதி இல்லாத நாட்களில் எடையைக் குறைப்பது எப்படி

மாமியார் படுத்த படுக்கை, வீட்டுக்காரருக்கு வேலை நிலையில்லை, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, வாரா வாரம் கட்ட வேண்டிய குழு பணம். இப்படியொரு வீட்டில் இருந்துகொண்டு உடம்பைக் குறைக்க முயல்பவர்களுக்கான வழிமுறை இது. செல்போனில் வரும் டயட் சார்ட் இவர்களுக்கு ஒத்துவருவதில்லை. நாலு பேருக்கு நாலு விதமாகச் சமைப்பவர் தலையில் ஐந்தாவதாக ஓட்ஸும் சாலட்டும் ஏற்றினால் பத்து நாளில் விட்டுவிடுவார். அதனால் வீட்டுப் பானை ஒன்றாகவே இருக்கட்டும். உங்கள் தட்டையும், கவலை உங்களைச் சாப்பிட வைக்கிற அந்த ஒரு மணி நேரத்தையும் மாற்றினால் போதும்.

தொடர்ந்து கவலையில் இருப்பவர் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. அது பசியைக் கிளப்பும், அதிலும் இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் மேல்தான் ஆசை போகும். சேர்கிற கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்கும். தூக்கமும் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். ராத்திரி மிக்சர் டப்பாவுக்குக் கை போனதும் தன்னையே திட்டிக்கொள்பவர்கள் அதிகம். திட்டினால் கவலை ஏறும், கவலை ஏறினால் மறுபடியும் டப்பாதான். திட்டுவதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் இது நடக்கிறது என்று பாருங்கள்.

தொடங்கும் முன்

பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண். இந்தியர்களுக்கு அது 23-ஐத் தாண்டினால் எடை அதிகம், 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 155 செ.மீ. உயரமுள்ளவர் 55 கிலோ வரை இருக்கலாம், 60 என்றால் குறைத்தே ஆகவேண்டும். தையல் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதிவையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

இலக்கைச் சின்னதாக வையுங்கள். இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இறங்கத் தொடங்கும். 75 கிலோ இருப்பவருக்கு அது நாலு கிலோவுக்கும் குறைவு. அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஐந்து கிலோ என்று கிளம்புபவர்கள் வீட்டில் முதல் சண்டை வந்த அன்றே நின்றுவிடுகிறார்கள்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கமும் வரலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எடை குறைக்க இது நேரமில்லை. காரணம் தெரியாமல் எடை ஏறியிருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும், வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சில மாத்திரைகளும் எடையை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கலாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன சாப்பிட்டீர்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது. மூன்றாவதுதான் முக்கியம். "4.30, முறுக்கு 5, நாத்தனார் போன்" என்று எழுதினால் போதும். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வாயில் போட்டதையும் விடாமல் எழுதுங்கள்.

ஏழு தாளைப் பரப்பிப் பார்த்தால் நாள் முழுக்க அதிகம் சாப்பிடவில்லை என்பது தெரியும். ஒன்றிரண்டு நேரத்தில்தான் கை மீறியிருக்கும். பெரும்பாலும் அது பின்வரும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, காலை 11 மணி. ஷூ கம்பெனி வேனுக்கு ஓடுபவரும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு மாமியாருக்குக் கஞ்சி கொடுப்பவரும் காலைப் பலகாரத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். பிறகு டீயும் பிஸ்கட்டும், மதியம் இரண்டு மணிக்கு மலைபோல் சோறு. இதற்கு மருந்து காலை 8.30-க்குள் மூன்று இட்லியும் சாம்பாரும், அல்லது ஒரு முட்டையோடு பழைய சோறு. நின்றுகொண்டே சாப்பிட்டாலும் பரவாயில்லை. ஆடி வெள்ளி, கிருத்திகை என்று விரதம் இருப்பவர்களும் அன்றைக்குப் பழமும் மோரும் இடையில் எடுத்துக்கொள்ளட்டும். முழுப் பட்டினி கிடந்தால் சாயங்காலம் ஒன்றுக்கு இரண்டாகப் போய்விடும்.

இரண்டாவது, சாயங்காலம் 4-லிருந்து 6 வரை. கடன் வசூலுக்கு ஆள் வரும் கிழமைகளில் இது அதிகம். எந்தக் கிழமை என்று முன்பே தெரியும் என்பதால் அன்று மதியமே ஒரு கப் வேகவைத்த சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ எடுத்து வையுங்கள். வேர்க்கடலை 30 கிராமே சுமார் 170 கலோரி, அதனால் கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது, ராத்திரி. இதுதான் பெரிய சிக்கல். 7.30-க்குப் பிள்ளைகளோடு இரண்டு வாய். ஒன்பது மணிக்கு அவர்கள் தட்டில் மிஞ்சியது. பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்ததும் அவரோடு ஒரு முழுச் சாப்பாடு. எல்லாரும் படுத்த பிறகு, யாரும் கேட்காத அந்த அமைதியில், சமையல் மேடை பக்கத்தில் நின்றபடி ஒரு கை மிக்சர். ஒரே ராத்திரியில் நாலு முறை. 50 கிராம் மிக்சரிலேயே 250 கலோரிக்கு மேல் இருக்கிறது, 200 கிராம் சோற்றுக்குச் சமம்.

சரிசெய்யும் வழி: உங்கள் முழுச் சாப்பாட்டை 7.30-க்கே தட்டில் போட்டு உட்கார்ந்து முடித்துவிடுங்கள். வீட்டுக்காரர் வரும்போது பக்கத்தில் உட்கார ஒரு டம்ளர் மோர் போதும். பிள்ளைகளுக்கு முதலில் பாதி அளவே போடுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். மிஞ்சிய சோற்றில் அப்போதே தண்ணீர் ஊற்றிவிட்டால் அது நாளைக்குப் பழைய சோறு, வீணாகிறதே என்ற மன உறுத்தல் இருக்காது. மிக்சர், முறுக்கு டப்பாவைப் பரண் மேல் ஏற்றுங்கள். ஸ்டூல் போட்டு எடுக்க வேண்டும் என்றாலே பாதி நாள் கை போகாது.

அப்படியும் கை பரபரத்தால் ஒரு சோதனை. மிஞ்சிய வெறும் இட்லியைச் சட்னி இல்லாமல் சாப்பிடத் தோன்றுகிறதா? தோன்றினால் உண்மையான பசி, சாப்பிடுங்கள். இட்லி வேண்டாம், காரமாக ஏதாவது வேண்டும் என்றால் அது மனக்கஷ்டம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மாடிக்கோ வாசலுக்கோ போய், நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். டப்பாவோடு வேண்டாம்.

ஒரே பானை, உங்கள் தட்டு

வெந்த சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. மதியம் 350 கிராம் போடும் வழக்கம் உள்ளவர் 200-க்கு வந்தால் 195 கலோரி மிச்சம். கடையில் கொடுத்து ஒரே ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை என்று தெரிந்துவிடும். குறைந்த இடத்தில் கீரைக் கடைசலோ பொரியலோ வரவேண்டும். இல்லையென்றால் நாலு மணிக்கே பசிக்கும்.

எண்ணெயை அளக்க ஸ்கெட்ச் பேனா போதும். பாக்கெட் உடைத்து ஊற்றிய நாளைப் பாட்டிலில் எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. இதை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தால் ஆளுக்கு நாள்தோறும் நூறு கலோரி குறையும், யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கினால் பஞ்சுபோல் அத்தனையையும் குடித்துவிடும். சுட்டோ வேகவைத்தோ கடைந்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்தால் ருசி குறையாது.

டீ நாலு முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 160 கலோரி. ஒவ்வொரு டீயிலும் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவதால் எடையில் மாற்றம் வராது.

கேழ்வரகு பற்றி ஒரு தவறான எண்ணம் நம் வேலூர்ப் பக்கம் உண்டு. களி சாப்பிட்டால் இளைக்கும் என்று இரண்டு உருண்டை போட்டுக்கொள்கிறார்கள். மாவுக்கு மாவு பார்த்தால் கேழ்வரகிலும் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். களியின் பலன் நார்ச்சத்தும், வயிறு நீண்ட நேரம் நிறைந்திருப்பதும். 75 கிராம் மாவில் கிண்டிய ஒரு உருண்டை, கூடவே கொள்ளுக் கடைசல் ஒரு கப் என்றால் அது நல்ல மதியச் சாப்பாடு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுத் தண்ணீரை மட்டும் குடித்துப் பயனில்லை. 50 கிராம் கொள்ளில் 11 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பருப்பையே சாப்பிட வேண்டும். ராத்திரியே ஊறவைத்தால் குக்கரில் சீக்கிரம் வேகும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தாதீர்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்காரும் ஒரே வேளையாகவும் அது இருக்கலாம். அரை பிளேட் சீரகச் சம்பா சோறு, கறித்துண்டு முழுதாக, தயிர் பச்சடி தாராளமாக. அன்று ராத்திரி ரசமும் முட்டையும் போதும்.

வெயிலும் நடையும்

வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் ஏழு மணிக்கு மேல் நடக்கவே கூடாது. 5.30-க்குக் கிளம்ப முடிந்தால் கோட்டைப் பக்கமோ தெருவிலோ அரை மணி நேரம் நடக்கலாம். வாரம் 150 நிமிடம் என்பது கணக்கு. படுக்கையில் நோயாளி இருந்தால் வெளியே போக முடியாது. சாப்பிட்டதும் பத்து நிமிடம் என்று மூன்று வேளையும் மாடியிலோ கூடத்திலோ நடந்தாலும் அதே கணக்கு வரும், சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். நடையை மட்டும் நம்பாதீர்கள். அரை மணி நேர நடையில் செலவாகும் 100, 150 கலோரியை ஒரு சமோசா திருப்பிக் கொடுத்துவிடும்.

வீட்டார் பேச்சு

"இன்னா இப்படி ஒட்டிப் போயிட்ட, ஒழுங்கா சாப்புடு" என்று மாமியார் சொன்னால் டயட் பற்றி விளக்கப் போகாதீர்கள், அது வாக்குவாதத்தில் முடியும். "வயிறு நெறஞ்சிடுச்சி அத்த, காலையில சாப்புடறேன்" என்று எழுந்துவிடுங்கள். வீட்டில் ஒரே ஒருவரிடம், மகளோ தங்கையோ, உண்மையைச் சொல்லி வையுங்கள். உங்களுக்குப் பரிந்து பேசவும், நீங்கள் நடக்கும் நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும்.

எடை நின்றுவிட்டால்

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் கழிப்பறை போய்வந்ததும் பாருங்கள். தினமும் பார்த்தால் ஊறுகாய், கருவாடு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிலக்குக்கு முன்னாலும் அப்படித்தான். அதெல்லாம் நீர். ஆறேழு வாரம் கழித்து முள் அசையாமல் நிற்பது வழக்கம். இடுப்பளவு இறங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் நின்றிருந்தால் சோற்றுக் கரண்டியையும் எண்ணெய்ப் பாட்டில் தேதியையும் மறுபடி சரிபாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மெல்லக் கூடியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருக்கும் வாரங்களில் குறைக்க முயலாதீர்கள், ஏறாமல் பார்த்தால் போதும். பன்னும் டீயுமாக ஓட்டாமல் கேன்டீனில் இட்லி, அவித்த முட்டை, வாழைப்பழம் வாங்குங்கள். கிடைத்த இடத்தில் ஆறு மணி நேரமாவது தூங்க, இன்னொருவரோடு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அடி உதை இருந்தால் எடையைப் பிறகு பார்க்கலாம், முதலில் 181-க்குப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த இலவசச் சேவை இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வேலூரில் நேரில் போவதென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமோ இருக்கிறது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மாதத்திலிருந்து எடை ஏறியது என்பதை எழுதி எடுத்துப் போங்கள். மருந்து எழுதும்போது எடை ஏறாத மருந்தாகப் பார்த்துத் தர அது உதவும்.