பம்பிங் குறைந்த இதயம்: கொலுசு இறுகும்வரை காத்திருக்க வேண்டாம்

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துவிட்டு “பம்பிங் முப்பது பர்சென்ட்தான் இருக்கு” என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் நடக்கும் முதல் தவறு கணக்குத் தவறு. நூற்றுக்கு முப்பது மார்க் என்று எடுத்துக்கொண்டு, இதயத்தில் எழுபது பங்கு செத்தே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தம் முழுவதையும் தள்ளுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரை தள்ளினால் அது முழு ஆரோக்கியம். அந்தக் கணக்கில் 30 என்பது ஏறக்குறைய பாதி. மருந்தால் ஏற்றக்கூடிய பாதி. இதயச் செயலிழப்பில் இது ஒரு வகை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பம்பிங் 58 என்று வந்தால் “எக்கோ நார்மல்” என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுவார்கள். படியேறினால் மூச்சு வாங்குவது மட்டும் நிற்காது. இதயச் சுவர் தடித்து விறைத்துப்போனால் தள்ளுவதில் குறை இருக்காது, வாங்கிக்கொள்வதில்தான் குறை. பல வருடமாக பிரஷரும் சுகரும் உள்ளவர்களிடம், அதிலும் வயதான பெண்களிடம், இந்த வகை அதிகம். அதுவும் இதயச் செயலிழப்புதான்.

இந்த நோய்க்காரர்கள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருவதற்குப் பெரும்பாலும் புது அடைப்பு காரணமாக இருப்பதில்லை. உப்பு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்ற நினைப்பு ஆகிய மூன்றும்தான் முன்னால் நிற்கின்றன.

கால் வீங்கட்டும், பார்க்கலாம்

கொலுசுக்குப் பேர்போன ஊர் சேலம். கொலுசு இறுகி கணுக்காலில் தடம் விழுவதும், மெட்டி கழற்ற வராமல் நிற்பதும் இங்கே பலருக்கு முதல் அடையாளம். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால், நீர் கோத்திருந்தால் குழி அப்படியே நிற்கும். ஆனால் அந்தக் குழி தெரிவதற்குள் உடம்பில் இரண்டு மூன்று லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். அதற்கு முன்பே சொல்லிவிடுவது எடை மெஷின். ஒரு லிட்டர் நீர் என்றால் ஒரு கிலோ. ஒரே நாளில் யாருக்கும் ஒரு கிலோ சதை போடாது.

மெடிக்கல் ஷாப் வாசலில் மாதம் ஒருமுறை சாப்பிட்ட வயிற்றோடு ஏறி நிற்பது எடை பார்ப்பதாகாது. காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி மெல்லிய உடையில், ஒரே மெஷினில் பார்க்க வேண்டும். மெஷினைப் பாயின் மீது வைத்தால் எண் தப்பாகக் காட்டும், வெறும் தரையில் வையுங்கள். பார்த்த எண்ணைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே எழுதிவிடலாம். வெள்ளி 61.4, சனி 61.6, ஞாயிறு 62.5, திங்கள் 63.5 என்று ஏறினால், காலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் திங்கட்கிழமையே டாக்டருக்குப் போன் போக வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ என்பது பொதுவான எல்லை. டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலை வீட்டு மெஷின் காட்டும் எடையைச் சிவப்பு மையில் எழுதி வைத்தால் அதுதான் ஒப்பிடும் எண். ஆஸ்பத்திரி மெஷினும் வீட்டு மெஷினும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எல்லா வீக்கமும் இதயத்தால் வருவதில்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையே சிலருக்குக் காலை வீங்க வைக்கும். அதனால்தான் வீக்கத்தோடு எடையும் மூச்சும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

மூச்சில் கவனிக்க வேண்டியது தலையணைக் கணக்கு. ஒன்று வைத்துப் படுத்தவர் இரண்டு கேட்கிறார், பிறகு சாய்ந்தபடியே தூங்குகிறார், நடுராத்திரி இருமலோடு எழுந்து ஜன்னலோரம் உட்காருகிறார். இதைச் சளி என்று எண்ணி இருமல் சிரப்பும் கஷாயமும் கொடுப்பது பெரிய தவறு. கஷாயத்தில் அதிமதுரம் இருந்தால் இன்னும் மோசம்: அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தைக் கரைக்கும். டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடம் மாறிவிடும். வயிறு உப்பி, இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை என்றால் அதை “கேஸ்” என்று நுரைத்துப் பொங்கும் பவுடரைக் கலக்கிக் குடிப்பதும் இதே ரகம். அது சோடியம்தான். குடலிலும் ஈரலிலும் நீர் கோத்தாலும் பசி இப்படித்தான் போகும்.

ஆடிக் கூழும் இந்துப்பும்

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். “குழம்புல உப்பைக் குறைச்சுட்டோம்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், உண்மையும்கூட. ஆனால் அந்தக் குழம்புக்குப் பக்கத்தில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், ஜவ்வரிசி வடாம், கருவாடு. சாயங்காலம் ஒரு தட்டுவடை செட். சப்பென்று இருக்கும் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள உப்பு கூடுதலாகத் தேடும் நாக்கின் வேலை இது.

ஆடி மாதம் சேலத்தில் தனிக் கவனம் வேண்டும். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். ஒரு சொம்பு கூழ் அரை லிட்டருக்குக் குறையாது. அதில் உப்பு, மோர், தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கருவாடும். இரண்டு இடத்தில் குடித்தால் அன்றைய தண்ணீர்க் கணக்கும் உப்புக் கணக்கும் மதியத்துக்குள் முடிந்துவிடும். அம்மன் பிரசாதம் என்று ஒரு சின்ன டம்ளர் வாங்கிக்கொண்டு, வீட்டில் உப்பில்லாமல் கரைத்த கம்பங்கூழைச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம்.

இந்துப்பு பாதுகாப்பானது என்பது தவறான நம்பிக்கை. நிறம் வேறு, விலை வேறு. உள்ளே இருப்பது அதே சோடியம் குளோரைடு. “லோ சோடியம்” என்று விற்கும் உப்பு அதைவிட ஆபத்து, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்த நோய்க்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றுபவை; அவற்றோடு இந்த உப்பும் சேர்ந்து, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்தால், துடிப்பு நின்றுவிடும் அளவுக்கு ஏறலாம். தினமும் இளநீர், சீசனில் நாளுக்கு இரண்டு மல்கோவா என்று போகிறவர்களும் பொட்டாசியம் டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த மாத்திரைகளை ஆரம்பித்த, அல்லது டோஸ் கூட்டிய ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தே ஆகவேண்டும்.

தண்ணீர் எல்லோருக்கும் ஒரே அளவில்லை. நோய் முற்றியவர்களுக்கு டாக்டர் வழக்கமாகச் சொல்வது ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். காபி, ரசம், மோர், கஞ்சி, பாயசம் எல்லாம் இதில் சேர்த்தி என்பதுதான் மறந்துபோகும். சுலபமான வழி ஒன்று உண்டு. காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் அதே டம்ளர் அளவு தண்ணீரை பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் மிஞ்சுவதுதான் அன்றைக்கு மீதி. ஏற்காட்டில் வாங்கி வந்த முடவாட்டுக்கால் கிழங்கில் மூட்டு வலிக்கு வைக்கும் சூப்புக்கும் இதே கணக்குத்தான். “நீர் பிரியும்” என்று குடிக்கும் வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் உள்ளே போகும்போது நீர்தான்.

மூட்டு வலி மாத்திரை

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாமே சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்குபவை. நீர் மாத்திரையின் வேலையை அவை அழித்துவிடும். தறியில் குனிந்து உட்கார்ந்து வந்த முதுகுவலிக்கோ எஸ்டேட் சரிவில் ஏறி இறங்கி வந்த முழங்கால் வலிக்கோ நாலு நாள் சாப்பிட்டவர் ஐந்தாம் நாள் மூச்சுத் திணறலோடு வந்து நிற்பது இதனால்தான். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகை வேண்டாம், அதிலும் சோடியம். சுகர் மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருந்தாலும் நீர் தேங்கும். பாக்கெட்டைக் காட்டி இதய டாக்டரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகளையும் அதே பையில் எடுத்துப் போங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கலாம்.

நல்லா இருக்கேன், மாத்திரை எதுக்கு?

பம்பிங் குறைந்த வகைக்கு இன்று நான்கு மருந்துக் குடும்பங்கள் சேர்த்தே தரப்படுகின்றன: சாகுபிட்ரில்-வால்சார்டன் அல்லது ராமிப்ரில் வகை; மெட்டோப்ரோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர்; ஸ்பைரனோலாக்டோன் வகை; டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின். ஆயுளைக் கூட்டுபவை இவை. கண்ணுக்குப் பலன் தெரியும் நீர் மாத்திரை வீக்கத்தை வடிப்பதோடு சரி. நடைமுறையில் தலைகீழ்: பாத்ரூம் போக வைப்பதால் நீர் மாத்திரையை மட்டும் நம்பி, மற்றதைப் பணம் போதாத மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். ஸ்பைரனோலாக்டோன் விலை குறைந்த, பழைய மாத்திரை. 1999-ல் வெளிவந்த ஆய்வில் நோய் முற்றியவர்களின் இறப்பை 30 சதவீதம் குறைத்ததும் அதுதான்.

சுகர் மாத்திரையாக அறிமுகமான டாபாக்ளிஃப்ளோசினைப் பார்த்து “எனக்குச் சுகரே இல்லையே” என்று ஒதுக்குவது அடிக்கடி நடக்கிறது. சுகர் இல்லாதவருக்கும் அது இதயத்துக்காகவே தரப்படுகிறது. வாந்தி, பேதி, ஆபரேஷனுக்கு முன் பட்டினி ஆகிய நாட்களில் மட்டும் நிறுத்துவது பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் முதல் சில வாரம் அசதி தரும். குறைந்த டோஸில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதே அதற்காகத்தான். அசதி என்று சட்டென நிறுத்துவது ஆபத்து. ராமிப்ரிலிலிருந்து சாகுபிட்ரில்-வால்சார்டனுக்கு மாறும்போது நடுவில் 36 மணி நேர இடைவெளி வேண்டும். பழைய அட்டை தீரட்டும் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். மேல் பிரஷர் 100 காட்டினால் பயந்து மாத்திரையை விடுபவர்களும் நிறைய. தலைசுற்றல் இல்லாத 100 இந்த நோயில் ஏற்கத்தக்கது.

பம்பிங் 30-லிருந்து 50-க்கு ஏறிவிட்டது, இனி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அப்படி முழுதாகத் தேறியவர்களிடம் டாக்டர்களே மருந்தை மெல்ல நிறுத்திப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது.

மலையும் வெயிலும்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நோய் கட்டுக்குள் உள்ளவர் கோடை விழா பார்க்கப் போவதில் பொதுவாகத் தடையில்லை. போன அன்றே சேர்வராயன் கோயில் மேட்டில் நடந்தே ஏறுவதும், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் போவதும்தான் தவறு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாத்ரூம் கிடையாது என்று நீர் மாத்திரையை அன்றைக்கு விடுவதும் தவறு; விடத் தேவையில்லை, போய்ச் சேர்ந்ததும் மதியம் போட்டுக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

சித்திரை வெயிலில் சேலத்தில் கதை வேறு. வியர்வையில் நீரும் உப்பும் போக, மாத்திரையும் அதே அளவில் நீரை இறக்கினால் எடை சிவப்பு எண்ணுக்குக் கீழே போகும், எழுந்தால் கண் இருட்டும். எடை இரண்டு கிலோ குறைந்தாலும் போன் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆபரேஷன், கருவி, “அடைப்பு கரையும்” விளம்பரம்

ஸ்டென்ட் வைத்தால் பம்பிங் ஏறும் என்று நம்பிக் கடன் வாங்குவதற்கு முன் கேள்வி கேளுங்கள். ஹார்ட் அட்டாக் நேரத்திலும் விடாத நெஞ்சுவலியிலும் ஸ்டென்ட்டின் பலன் வேறு. ஆனால் அடைப்பால் பம்பிங் குறைந்து நிலையாக இருப்பவர்களிடம், நல்ல மருந்தோடு ஸ்டென்ட் சேர்ப்பது கூடுதல் பலன் தரவில்லை என்று 2022-ல் வந்த ஆய்வு காட்டியது. பைபாஸுக்கு பத்து வருடக் கணக்கில் பலன் தெரிந்திருக்கிறது. இதயச் சதையில் உயிர் இருக்கிறதா, வால்வு கெட்டதா, தைராய்டா, ரத்த சோகையா என்று காரணம் தேடாமல் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஐ.சி.டி. கருவி மூச்சு வாங்குவதைக் குறைக்காது. திடீரெனத் துடிப்பு தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து உயிரைக் காப்பதே அதன் வேலை. பொதுவாக மூன்று மாதம் முழு மருந்துக்குப் பிறகும் பம்பிங் 35-க்கு மேல் ஏறாதவர்களுக்கு யோசிப்பார்கள். பம்பிங்கை ஏற்றக்கூடியது இதயத்தின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துடிக்க வைக்கும் சி.ஆர்.டி. கருவி, அதுவும் ஈசிஜியில் இடது மின்பாதை அடைபட்டவர்களுக்கே. கை நரம்பில் மருந்தேற்றி அடைப்பைக் கரைப்பதாகச் சொல்லும் கீலேஷனை நம்பி மருந்தை நிறுத்துவதும், மருதம்பட்டைப் பொடியை மாத்திரைக்குப் பதிலாக வைத்துக்கொள்வதும் கையிலிருப்பதையும் இழக்கும் வழி. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரம்பு உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போதே கார்டோடு போய், சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

ராத்திரி மூச்சு முட்டினால் படுக்க வைக்காதீர்கள். காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா, கஷாயம், ஆவி எதுவும் வேண்டாம். மலைக் கிராமங்களில் வண்டி ஏறி வர நேரமாகும், அதனால் எடை ஏறிய அன்று பகலிலேயே கீழே இறங்கிவிடுவது நல்லது. கடைசி எக்கோ, ஈசிஜி, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றின் போட்டோவும் வீட்டில் இரண்டு பேர் போனில் இருக்கட்டும். காலண்டர் தாளைக் கிழித்து மாத்திரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது எத்தனை நாளில் எவ்வளவு ஏறியது என்றுதான்.